பதின்மூன்று நாளில் எட்டு நாடு: கடலூர் அப்பா ஒருவருக்குப் பதில்

சார், நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பெண் புதுச்சேரியில் ஆர்க்கிடெக்சர் மூன்றாம் ஆண்டு. கல்லூரியில் மே மாதம் 'ஐரோப்பா ஸ்டடி டூர்' என்று 13 நாள், எட்டு நாடு போட்டிருக்கிறார்கள். தலைக்கு 3 லட்சத்து 45 ஆயிரம், முதல் தவணை 50 ஆயிரத்தை இந்த மாதக் கடைசிக்குள் கட்டிப் பேரைக் கொடுக்க வேண்டும். 'இதனால் பிரயோஜனம் உண்டா?' என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரியைப் போகிற போக்கில் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்: வீட்டில் நகையை வைத்தால்தான் இந்தப் பணம் புரளும், அனுப்பாவிட்டால் மார்க்கில் கை வைப்பார்களா, கூடப் படிக்கிற பிள்ளைகள் முன்னால் அவளுக்குச் சங்கடமாகிவிடுமா என்று. எனக்கு அதுதான் கேள்வியாகப் படுகிறது. ஐரோப்பா நல்லதா கெட்டதா என்று கேட்டால் எவரும் நல்லது என்றுதான் சொல்வார்கள். இந்தத் திட்டத்துக்காக நகையை அடகு வைக்கலாமா என்றால், நீங்கள் போட்டிருக்கிற நாள்வாரித் திட்டம் மாறாத வரைக்கும், என் பதில் வேண்டாம். அந்தத் திட்டம் மாறினால் யோசிக்கலாம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது கொஞ்சம் நீளமான கதை.

நான் புதுச்சேரியில் 26 வருடம் ஆர்க்கிடெக்சர் சொல்லிக்கொடுத்தேன், இப்போது ஓய்வு, லாஸ்பேட்டையில் இருக்கிறேன். மாணவர்களோடு ஐரோப்பாவுக்கு ஆறு தடவை போயிருக்கிறேன். என் திறமையைப் பார்த்து அனுப்பினார்கள் என்று நினைக்காதீர்கள், பெண் பிள்ளைகள் வருகிறார்கள், கூட ஒரு லேடி ஸ்டாஃப் வேண்டும், அவ்வளவுதான். முதல் தடவை 1999. அப்போது யூரோ நோட்டு கைக்கு வரவில்லை, பிரான்சில் ஃபிராங்க், ஜெர்மனியில் மார்க், இத்தாலியில் லிரா என்று எல்லை தாண்டும்போதெல்லாம் சில்லறையை எண்ணிக்கொண்டிருப்போம். நான் டிராவல் ஏஜென்ட்டும் இல்லை, ஆடிட்டரும் இல்லை. ஆகவே நகரம், கட்டடம், பிள்ளைகள் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளுங்கள். பணம், வரி பற்றிச் சொல்வதை உங்கள் ஆடிட்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். நான் வேலை பார்த்த இடங்களில் வெளிநாட்டுப் பயணம் எப்போதும் விருப்பப்பட்டவர்களுக்குத்தான். போகாதவர்கள் இங்கேயே ஒரு தெருவையோ பழைய வீட்டையோ அளந்து வரைந்து கொடுப்பார்கள், அதே மார்க்தான். உங்கள் பெண்ணின் கல்லூரியிலும் அப்படித்தானா என்பதை வாய்வார்த்தையாக விடாமல் துறைத் தலைவருக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். எழுத்தில் வருகிற பதிலுக்கு ஒரு மரியாதை உண்டு. இன்னொன்று, 'இந்த சர்ட்டிஃபிகேட் இருந்தால் வெளிநாட்டில் மாஸ்டர்ஸ் சீட் சுலபம்' என்று யாராவது சொல்லியிருந்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அங்கே பார்ப்பது போர்ட்ஃபோலியோ (தான் வரைந்தவற்றின் தொகுப்பு), மார்க், மொழி, எதற்காகப் படிக்க வருகிறாய் என்று எழுதுகிற கடிதம். பத்து நாள் சுற்றிவிட்டு வந்ததற்குக் கொடுக்கிற தாளை யாரும் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. மாணவர்களின் போர்ட்ஃபோலியோக்களை வருடா வருடம் புரட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன், ஈபிள் கோபுரத்தின் முன்னால் நிற்கிற படம் எந்த சீட்டையும் வாங்கிக் கொடுத்ததில்லை.

இனி நீங்கள் போட்டிருக்கிற திட்டம். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், பிளாக் ஃபாரஸ்ட், லூசெர்ன், டிட்லிஸ் மலை, வடூஸ், இன்ஸ்ப்ரூக், வெனிஸ், பீசா, ஃபிளாரன்ஸ், ரோம். இது ஸ்டடி டூர் இல்லை சார், வயதான தம்பதிகளை ஏற்றிக்கொண்டு போகிற அதே பஸ் பேக்கேஜ்தான், மேலே கல்லூரி பேர் போட்ட பேனர் மட்டும் புதுசு. ஊருக்கு ஊர் தூரத்தைக் கூட்டிப் பார்த்தேன், ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் வருகிறது. கடலூரிலிருந்து டெல்லிக்குப் பஸ்ஸில் போவதைவிட அதிகம். வடூஸ் என்பது லிக்டன்ஸ்டைன் நாட்டின் தலைநகரம். நாடு முழுக்கவே 160 சதுர கிலோமீட்டர்தான், நம் காரைக்கால், மாஹே எல்லாம் விட்டுவிட்டுப் புதுச்சேரிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அதைவிடச் சிறியது. அங்கே ஒரு மணி நேரம் பஸ்ஸை நிறுத்துவது எதற்கு என்றால், நாட்டுக் கணக்கில் ஒன்று கூட்டிக்கொள்ளத்தான்.

பஸ்ஸைப் பற்றி ஏஜென்ட் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் டிரைவர் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து மணி வரை விடுவார்கள். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். ராத்திரி பொதுவாக 11 மணி நேர ஓய்வு. எல்லாம் வண்டியில் இருக்கிற கருவியில் பதிவாகும், மீறினால் அபராதம். நம் ஊரில் 'அண்ணே, இன்னும் ஒரு அரை மணி நேரம்' என்று கெஞ்சிப் பார்ப்பதெல்லாம் அங்கே நடக்காது. நாற்பது பிள்ளைகளில் நாலு பேர் சாக்லேட் கடையில் இருபது நிமிடம் தாமதித்தால் அன்றைக்கு அடுத்த ஊரில் பார்க்க வேண்டியதிலிருந்து ஏதாவது ஒன்று கழன்றுவிடும். கழல்வது எப்போதும் மியூசியமாகத்தான் இருக்கும், ஷாப்பிங் நிறுத்தம் கழன்று நான் பார்த்ததே இல்லை. 2008 பயணத்தில் ஃபிளாரன்ஸ் பேராலயத்தின் கும்மட்டத்தை, புருனெல்லெஸ்கி தரையிலிருந்து முட்டுக் கொடுக்கிற சாரமில்லாமல் எழுப்பினார் என்று வகுப்பில் ஒரு வாரம் நான் பாடம் எடுத்த அந்தக் கும்மட்டத்தை, சாலையோரத்திலிருந்து பதினைந்து நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பஸ் ஏறினோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, அப்படியானால் எப்படிப் போகலாம் என்று கேட்பீர்கள். மூன்று ஊர், மிஞ்சினால் நாலு. ஊருக்கு மூன்று, நாலு ராத்திரி. நடுவில் ரயில். அதைவிட முக்கியமாக, போவதற்கு முன்னால் நம் ஊரைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் ஐரோப்பாவில் எதைப் பார்ப்பது என்பதைப் புதுச்சேரிதான் சொல்லிக்கொடுக்கும். ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒயிட் டவுனில் தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேராக ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன அல்லவா, எல்லோரும் அதைப் பிரெஞ்சுக்காரன் போட்டது என்பார்கள். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்த ஊரை டச்சுக்காரர்கள் பிடித்து 1693 முதல் 1699 வரை வைத்திருந்தார்கள், அந்தக் கட்ட வடிவத்துக்கு வரைபடம் போட்டது அவர்கள். அப்புறம் 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் பழைய தெருக்கோட்டின் மேலேயே புது வீடுகளைக் கட்டினார்கள். ஆக இன்றைக்கு நாம் செல்ஃபி எடுக்கிற மஞ்சள் சுவரெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை, தெரு மட்டும் அதற்கும் முந்தையது.

இதைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை ஆம்ஸ்டர்டாமில் போய் நின்றால் கதையே வேறு. அங்கே 1613 வாக்கில் வெட்டத் தொடங்கிய கால்வாய்கள் ஊரை வளைத்து வளைத்து ஓடுகின்றன, ஓரத்தில் ஒடுக்கமான வீடுகள், உச்சியில் சாமான் தூக்க ஒரு கொக்கி. மாடிப்படி அவ்வளவு குறுகல், கட்டில் பீரோவெல்லாம் ஜன்னல் வழியாகத்தான் ஏறும். மண் சேறு என்பதால் கட்டடங்களை மரக்கம்பங்கள் மேல் நிறுத்தியிருக்கிறார்கள், டாம் சதுக்கத்து அரண்மனைக்குக் கீழே மட்டும் 13,659 கம்பம் என்று கணக்குச் சொல்வார்கள். நம் ஊரிலும் செஞ்சி சாலைக்கும் அம்பூர் சாலைக்கும் நடுவே பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதே ஆட்கள் வந்துபோன ஊர்தான், அங்கே வாய்க்கால் முதுகெலும்பு, வீடுகள் அதைப் பார்த்து நிற்கின்றன, இங்கே வாய்க்கால் வெள்ளைக்காரன் பக்கத்தையும் தமிழன் பக்கத்தையும் பிரிக்கிற வேலியாகி, கடைசியில் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிற சாக்கடையாகிவிட்டது. ஏன்? இந்தக் கேள்வியோடு ஒரு பிள்ளை மூன்று நாள் ஆம்ஸ்டர்டாமில் நடந்தால் போதும், நாலாம் வருஷ ப்ராஜெக்ட் தயார்.

அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் ராட்டர்டாம். 1940 மே 14 அன்று ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு ஊரின் நடுப்பகுதியை அழித்தன. அவர்கள் பழைய தெருக்களைத் தேடிப் பிடித்துத் திருப்பிக் கட்டவில்லை, தெருவையே புதுசாகப் போட்டார்கள். நாம் 1761-க்குப் பிறகு தெருவைக் காப்பாற்றினோம், அவர்கள் விட்டுவிட்டார்கள். எது சரி என்று ஒரு ராத்திரி முழுக்க ஹாஸ்டல் சமையலறையில் பிள்ளைகள் அடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். ஸ்டடி டூர் என்றால் என்னைப் பொறுத்தவரை அதுதான். உங்கள் திட்டத்தில் ராட்டர்டாம் இல்லை, ஆனால் மரக்காலணி செய்து காட்டுகிற கடை இருக்கிறது.

பாரிஸ் பற்றி நிறையச் சொல்லலாம், கொஞ்சம் மட்டும் சொல்கிறேன். ஒரே உயரத்தில், ஒரே வெளிர் கல்லில், பால்கனி ஒரே கோட்டில் போகிற அந்த வீதிகள் 1853-லிருந்து 1870 வரை ஓஸ்மான் என்ற நிர்வாகி பழைய பாரிஸை உடைத்துப் போட்டவை. 'நம்ம ஒயிட் டவுன் மாதிரியே இருக்கும்' என்று எதிர்பார்த்துப் போகிற பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள், ஒன்றும் ஒத்துப்போகாது. பாரிஸ் வீடு தெருவைப் பார்த்து நிற்கிறது, புதுச்சேரி வெள்ளை வீடு உயரமான மதிலுக்குப் பின்னால் தோட்டத்தைப் பார்த்து நிற்கிறது, தமிழன் வீடு திண்ணையைப் போட்டுத் தெருவை உள்ளே கூப்பிடுகிறது. இந்த மூன்றையும் வரைந்து பார்த்த பிள்ளைக்கு பாரிஸில் நாலு நாள் பத்தாது. பொம்பிடூ மையம் என்கிற நவீன கலை மியூசியம் 2025 செப்டம்பரிலிருந்து புதுப்பிக்கிற வேலைக்காக மூடிக் கிடக்கிறது, 2030-ல்தான் திறப்பார்கள். பழைய பிரோஷரை அப்படியே அச்சடிக்கிற ஏஜென்ட்டுகள் இன்னும் அதைப் போட்டுக்கொண்டிருப்பார்கள், பாருங்கள். குழாய், படிக்கட்டு என்று குடலையெல்லாம் வெளியே மாட்டிய கட்டடம் என்பதால் வெளியே நின்றாலும் பாதிப் பாடம் கிடைத்துவிடும் என்பது வேறு விஷயம். நோத்ர் தாம் பேராலயம் 2019 ஏப்ரல் தீவிபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறந்துவிட்டது, உள்ளே போகக் காசு கிடையாது. பாரிஸுக்கு வெளியே புவாசி என்ற ஊரில் நம் சண்டிகரை வடிவமைத்த லெ கொர்புசியே கட்டிய வில்லா சவ்வா என்ற வீடு இருக்கிறது, புறநகர் ரயிலில் போய்வரலாம். நீங்கள் அனுப்பிய திட்டத்தில் ஆர்க்கிடெக்சர் பிள்ளைகளுக்கு அது இல்லை, சாயங்காலம் கேபரே ஷோ இருக்கிறது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தக் காலத்து நவீன கட்டடங்களில் உலகத் தரமான ஒன்று புதுச்சேரியிலேயே இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி. செக் நாட்டில் பிறந்த ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்தது, லெ கொர்புசியேயிடம் வேலை பார்த்த ஃபிரான்ஸுவா சாமெரும், பிற்காலத்தில் மரவேலைக்குப் பேர் வாங்கிய ஜார்ஜ் நகாஷிமாவும் இங்கே தங்கி அதைக் கட்டினார்கள். 1930-களின் கடைசியில் தொடங்கிய வேலை. நம் வெயிலுக்கும் கடல் காற்றுக்கும் ஏசி இல்லாமல் பதில் சொல்கிற கான்கிரீட் கட்டடம். உங்கள் பெண் அதைப் பார்த்திருக்கிறாளா என்று கேளுங்கள். அனுமதி வாங்கித்தான் உள்ளே போக வேண்டும், ஆனால் பஸ் செலவு கடலூரிலிருந்து எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

விசா விஷயத்துக்கு வருகிறேன், இங்கே நீங்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். இந்த நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஷெங்கன் விசா, அதிக ராத்திரி தங்குகிற நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம், 15 நாளைக்குக் குறைவாக இருந்தால் வாங்க மாட்டார்கள். சாதாரணமாக 15 நாளில் முடிவு, சிலதை 45 நாள் வரை இழுப்பார்கள். மே மாதத்துக்கு நம் நாட்டில் பாதிப் பேர் அதே சமயத்தில்தான் விண்ணப்பிப்பார்கள் என்பதால் மார்ச்சிலேயே கொடுத்துவிடுவது நல்லது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. ஆனால் படிப்புக்காகவோ பயிற்சிக்காகவோ போகிற மாணவர்களுக்கும் கூடப் போகிற ஆசிரியர்களுக்கும் அந்தக் கட்டணம் இல்லை என்று ஷெங்கன் விசா விதியிலேயே இருக்கிறது. விசா மையத்தின் சேவைக் கட்டணத்தை மட்டும் கட்டியாக வேண்டும். கல்லூரியின் கடிதமும் ஒழுங்கான பாடத்திட்டமும் இருந்தால்தான் இந்தச் சலுகையைக் கேட்கவே முடியும், மரக்காலணிக் கடையும் கேபரே ஷோவும் உள்ள திட்டத்தைக் காட்டினால் டூரிஸ்ட் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'நீங்கள் எந்த வகையில் விண்ணப்பிக்கிறீர்கள்?' என்று கல்லூரியைக் கேளுங்கள். 'டூரிஸ்ட்' என்று பதில் வந்தால் அது என்ன பயணம் என்பது அவர்கள் வாயாலேயே வந்துவிட்டது.

நகையை வைக்கிற யோசனையோடு இதுவும் சேருகிறது. விசாவுக்கு அப்பாவின் பேங்க் ஸ்டேட்மென்ட்டை, மாதக்கணக்கில் திரும்பிப் பார்த்து, கேட்பார்கள். விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்னால் கணக்கில் திடீரென்று மூன்றரை லட்சம் வந்து உட்கார்ந்தால் கேள்வி வரும். கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முன்கூட்டியே வாங்கி, அடகுச் சீட்டையோ கடன் தாளையோ கூடவே வைத்துவிடுங்கள், மறைக்க வேண்டாம். அதற்கும் மேல், விசா கிடைக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது, தருகிறவனை நம்பாதீர்கள். எங்கள் ஒரு பயணத்தில் 31 பேரில் இரண்டு பேருக்கு மறுத்துவிட்டார்கள், ஒரே கல்லூரி, ஒரே கடிதம், ஒரே ஹோட்டல். கட்டிய பணத்தில் பெரிய துண்டை ஏஜென்ட் பிடித்துக்கொண்டார், ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது என்றார். விசா மறுத்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பது எழுத்தில் இல்லாமல் அந்த 50 ஆயிரத்தைக் கட்டாதீர்கள். நான் சொன்ன மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பேக்கேஜ் பணத்தோடு டி.சி.எஸ். என்று ஒரு வரி பிடிப்பார்கள், விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது. அது போன பணம் இல்லை, ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே பணம் கட்டும்போது ரிட்டர்ன் போடுகிற உங்கள் பான் எண்ணைக் கொடுக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பேக்கேஜில் எது அடக்கம், எது இல்லை என்பதிலும் வித்தை இருக்கும். பாரிஸின் லூவ்ர் மியூசியத்துக்கு உள்ளே போக நம் பிள்ளைகளுக்கு இந்த 2026 ஜனவரியிலிருந்து 32 யூரோ. 26 வயதுக்குள் இலவசம் என்று இணையத்தில் படித்துவிட்டு வருவார்கள், அது அங்கே குடியிருப்பவர்களுக்கு. 18 நிறையாத பிள்ளைகளுக்கு மட்டும்தான் எல்லா நாட்டவர்க்கும் இலவசம். திட்டத்தில் 'லூவ்ர்' என்று மட்டும் போட்டிருந்தால் கண்ணாடிப் பிரமிடுக்கு முன்னால் போட்டோ என்று அர்த்தம். செவ்வாய்க்கிழமையும் மே 1 அன்றும் அது மூடியிருக்கும், உங்கள் தேதியோடு ஒத்துப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் வீட்டுக்கு டிக்கெட் இணையத்தில் மட்டும்தான், ஒவ்வொரு செவ்வாயும் ஆறு வாரம் கழித்து வருகிற தேதிகளுக்குத் திறப்பார்கள், போய் இறங்கிக் கேட்டால் கிடைக்காது. ஹோட்டல் பேரைவிட ஹோட்டல் இருக்கிற இடத்தைக் கேளுங்கள். 'பாரிஸில் மூன்று நட்சத்திரம்' என்று சொல்லி, ஹைவே ஓரத்தில், சுற்றிலும் குடோன்கள் மட்டும் இருக்கிற இடத்தில் எங்களைப் படுக்க வைத்தார்கள் ஒரு தடவை. மே மாதம் பாரிஸில் ராத்திரி ஒன்பது, ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், பிள்ளைகள் நடந்து வரையக் கிடைக்கிற தங்கமான நேரம், நாங்கள் அறைக்குள் உட்கார்ந்து டிவியில் புரியாத மொழி பார்த்தோம்.

பாதுகாப்பு பற்றி வீட்டில் அம்மா கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். உயிருக்குப் பயப்படுகிற ஊர்கள் இல்லை, பைக்குப் பயப்படுகிற ஊர்கள். பாரிஸ் மெட்ரோவில் கதவு மூடுகிற நொடியில் போனைப் பிடுங்குவார்கள், சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டில் கையில் கயிறு கட்டிவிட்டுக் காசு கேட்பார்கள், கையெழுத்துப் போடச் சொல்லி அட்டையை நீட்டுகிற பெண்கள் ஒரு பக்கம் பேச்சுக் கொடுப்பார்கள், இன்னொரு கை ஜிப்பில் இருக்கும். 2014-ல் ரோம் ரயில் நிலையத்தில் ஒரு பெண்ணின் கைப்பை பாஸ்போர்ட்டோடு போய்விட்டது. போலீஸில் புகார் எழுதி வாங்கவே பாதி ராத்திரி ஆயிற்று, மறுநாள் நம் தூதரகத்தில் ஊர் திரும்புவதற்கு மட்டும் செல்லுபடியாகிற எமர்ஜென்சி சர்ட்டிஃபிகேட் வாங்கினோம். நல்ல வேளை, அது கடைசி ஊர். முதல் ஊரிலேயே நடந்திருந்தால் அவளுடைய பயணம் அங்கேயே முடிந்திருக்கும். நான் அவளோடு அலைய, மற்ற பிள்ளைகளை ஒரே ஒரு ஸ்டாஃப் பார்த்துக்கொண்டார். அதனால்தான் சொல்கிறேன், எத்தனை ஆசிரியர்கள் வருகிறார்கள் என்று கேளுங்கள், பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வேண்டும். நாற்பது பேருக்கு இரண்டு பேர் என்றால் ஏதாவது ஒன்று நடந்த அன்றைக்குத் தெரியும். இன்ஷூரன்ஸ் 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருந்தால்தான் விசாவே தருவார்கள், ஆகவே அது இருக்கும், அதன் அவசர நம்பரைப் பிள்ளை தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். எந்த ஊரிலும் 112 அடித்தால் போலீஸ், ஆம்புலன்ஸ் இரண்டும் வரும்.

சாப்பாடு பெரிய பிரச்சினை இல்லை. பஸ் பேக்கேஜ்காரர்கள் ராத்திரிக்கு எப்படியும் ஏதோ ஒரு இந்தியன் ரெஸ்டாரன்ட்டில் பனீரும் பருப்பும் போட்டுவிடுவார்கள், பன்னிரண்டு நாளும் அதே பனீர். பாரிஸில் தங்குகிற மாதிரி இருந்தால் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷபேல் என்று ஒரு பகுதி, ஈழத்துக்காரர்கள் கடைகள், தமிழ்ப் போர்டு, இட்லி தோசை, கொத்து ரொட்டி, பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் கோயில். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த புதுச்சேரி சொல்தா குடும்பத்துப் பிள்ளைகள் சிலருக்கு பாரிஸில் அத்தை, மாமா வேறு இருப்பார்கள். அதே மாதிரி பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கிற ஒன்றிரண்டு பேர் நம் ஊர் வகுப்பில் எப்போதும் உண்டு, ஏர்போர்ட்டில் அவர்கள் வேறு வரிசையில் ஐந்து நிமிடத்தில் வெளியே போய்விட, மற்றவர்கள் நிற்க வேண்டியிருக்கும். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் நம்மை மாதிரி வெளிநாட்டாருக்குக் கைரேகையும் முகப் படமும் எடுக்கிற புது முறை வந்திருப்பதால் அந்த வரிசை இன்னும் மெதுவாகத்தான் நகரும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், காசு கொடுத்து பாட்டில் வாங்க வேண்டாம். கழிப்பறைக்குத்தான் பல இடங்களில் காசு, அங்கே தண்ணீர் இருக்காது என்பதை முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். கார்டில் காசு எடுக்கும்போது 'ரூபாயா யூரோவா' என்று மெஷின் கேட்டால் யூரோ என்றே அழுத்தச் சொல்லுங்கள், ரூபாய் என்றால் அவர்கள் போடுகிற விகிதத்தில் நஷ்டம்.

இப்போது முடிவுக்கு. இதுவரை சொன்னதில் விசா விதி, டிரைவர் நேரம், டிக்கெட் எல்லாம் கறாரான விஷயங்கள். உங்கள் பெண்ணுக்கு இது என்ன செய்யும் என்பது என் கணிப்பு மட்டுமே. ஒன்றுமே பார்க்காமல் போனை நோண்டிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், பாரிஸில் ஒரே ஒரு வளைந்த மாடிப்படியை ஒன்றரை நாள் உட்கார்ந்து அளந்து வரைந்துவிட்டு வந்து, அதற்குப் பிறகு வேறு ஆளாகவே மாறிப்போன ஒரு பையனையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் அன்றைக்கு மற்றவர்களோடு டிஸ்னிலேண்டுக்கு வர மாட்டேன் என்று அடம் பிடித்தவன், கூட உட்கார எனக்கு விதி. உங்கள் பெண் எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இன்னும் இரண்டு மூன்று அப்பா அம்மாக்களைச் சேர்த்துக்கொண்டு, துறைத் தலைவரைப் பார்த்து, எட்டு நாட்டை மூன்றாக்க முடியுமா, ஸ்கெட்சுக்கும் சைட் விசிட்டுக்கும் எந்த நாள், யார் கூட நடந்து சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்பேன். பெற்றவர்கள் கேட்டு நாங்கள் திட்டத்தை மாற்றியிருக்கிறோம், அது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. நாள் குறையாமல் ஊர் குறைந்தால் பஸ் செலவு போய் ரயில் செலவு வரும், மலைக்குப் போகிற கேபிள் கார் டிக்கெட் மிஞ்சும், மொத்தத்தில் அதிகம் வித்தியாசப்படாது. மாற்ற மாட்டோம் என்றால், பணத்தைக் கட்டாமல் எடுத்து வையுங்கள். நாலாம் ஐந்தாம் வருஷத்தில் ஏதாவது ஐரோப்பியக் கல்லூரியோடு ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச் வருகிறதா என்று பார்க்கலாம். மாஸ்டர்ஸுக்கு எராஸ்முஸ் முண்டுஸ் மாதிரி முழு உதவித்தொகை இருக்கிறது, கிடைத்தால் மாதம் 1,400 யூரோ அவர்களே தருகிறார்கள். நகையும் பெட்டியில் இருக்கும்.

பெண்ணுக்குச் சங்கடமாகிவிடுமே என்று எழுதியிருந்தீர்கள். ஆகும், ஒரு பத்து நாள், அவர்கள் ஸ்டேட்டஸ் போடப் போட. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தப் பத்து நாளில் அவளுக்கு ஒரு வேலை இருந்தால் நல்லது. வைசியாள் வீதியில் கீழே திண்ணையும் மேலே பிரெஞ்சு ஜன்னலுமாக நிற்கிற ஏதாவது ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு முழுசாக அளந்து வரைந்தால், பொறாமைப்படுகிற அளவுக்கு ஒரு டிராயிங் கையில் இருக்கும். நான் லாஸ்பேட்டையில்தான் இருக்கிறேன், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் வருகிறேன், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அப்புறம், ஒருவேளை திட்டம் மாறி அனுப்புவதாக முடிவு செய்தால் ஷூவை இப்போதே வாங்கிவிடுங்கள். கிளம்புகிற முந்தின நாள் வாங்கிய புது ஷூவில் இரண்டாம் நாளே கால் கொப்பளித்து, நான் பஞ்சும் பிளாஸ்டருமாக உட்கார்ந்திராத பயணம் ஒன்றுகூட இல்லை. வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து சில்வர் பீச் வரைக்கும் நாலைந்து தடவை நடந்து போய்வரச் சொல்லுங்கள்.